கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தால் போதுமா? கல்லூரி வகுப்பறை எல்லோருக்குமானதாக மாறுவது எப்படி?

2021 செப்டம்பரில் நடந்த நீட் தேர்வு. மூன்று மணி நேரம் முடிந்ததும், டிஸ்கிராஃபியா என்ற எழுதுதல் சார்ந்த கற்றல் குறைபாடு உள்ள ஒரு மாணவியிடமும் மற்றவர்களைப் போலவே விடைத்தாள் வாங்கப்பட்டது. விதிப்படி அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு உரிய நேரம் தவறாக மறுக்கப்பட்டது என்று அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனால், மறுதேர்வு கிடைக்கவில்லை. என்ன நிவாரணம் தரலாம் என்று பரிசீலிக்கும்படி தேசிய தேர்வு முகமையிடம் நீதிமன்றம் சொன்னது.

இதை ஒரு தேர்வு மையத்தின் தவறு என்று கடந்துவிடலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு மாணவியின் உரிமை, அந்த அறையில் இருந்த ஒருவருக்கு விதி தெரியுமா தெரியாதா என்பதைப் பொறுத்து இருந்தது. கல்லூரிக்குள் போன பிறகும் பலருக்கு நிலைமை இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியல் இதில் 21 ஆனது. கற்றல் குறைபாடுகளும் ஆட்டிசமும் அதில் உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5% இடங்களை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். நியாயமான வசதிகளைச் செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது இந்தச் சட்டம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அதாவது சுமார் 45 பேருக்கு ஒருவர். மத்திய அரசின் 2020-21 உயர்கல்வி ஆய்வின்படி, கல்லூரிகளில் படித்த 4.14 கோடி பேரில் மாற்றுத்திறனாளிகள் 79,035 பேர். அதாவது 500 பேருக்கு ஒருவர்கூட இல்லை.

இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆண்டும் வயதுப் பிரிவும் வேறு. பள்ளியிலேயே படிப்பை விட்டவர்கள் இருப்பார்கள். குறைபாட்டை வெளியே சொல்லாதவர்கள், சான்றிதழே வாங்காதவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஆனாலும் இடைவெளி பெரிதுதான்.

சான்றிதழ் என்பதே ஒரு தடைதான். இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40% குறைபாடு இருக்க வேண்டும். 'அந்த அளவு இல்லை, அதனால் உதவி எழுத்தாளர் கிடையாது' என்று சொல்லக்கூடாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கும் ஒரு தேர்வர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அப்போ தீர்வு என்ன?

கட்டடத்தில் சாய்தளம் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சூட்கேஸ் இழுத்து வருபவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் அதே வழி உதவும். இந்த யோசனையைப் பாடத்துக்குக் கொண்டு வந்தது காஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பு. கற்றலுக்கான பொது வடிவமைப்பு என்று இதைச் சொல்லலாம். இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்: பாடத்தைப் பல வடிவங்களில் கொடுப்பது, கற்றதை வெளிப்படுத்தப் பல வழிகள் வைப்பது, ஆர்வத்தோடு பங்கேற்கப் பல வாய்ப்புகள் தருவது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்?

ஜெராக்ஸ் நோட்ஸை போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது நமக்குப் பழக்கமானதுதான். பார்வையற்ற மாணவரின் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம், வாசிக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த தமிழ் நோட்ஸ் என்றால், சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். அதையே யூனிகோடில் டைப் செய்து கொடுத்தால் பிரச்னை தீர்ந்தது. மற்றவர்களுக்கும் அந்தக் கோப்பில் தேடுவது சுலபம்.

வீடியோ பாடத்துக்கு சப்டைட்டில் போட்டால் காது கேளாதவர் படிக்கலாம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, ஆங்கில லெக்சர் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறும் முதல் தலைமுறை மாணவரும் பிடித்துக்கொள்வார். அவரிடம் எந்தச் சான்றிதழும் இருக்காது. வடிவமைப்புதான் அவரைக் காப்பாற்றும்.

தரம் குறைந்துவிடாதா?

நியாயமான கேள்விதான். பதில், நாம் எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. பொருளாதாரத் தேர்வில் அளக்க வேண்டியது பொருளாதார அறிவை, கையெழுத்து வேகத்தை அல்ல. அங்கே ஒருவர் டைப் செய்து எழுதினால் தரம் குறையாது. அதே நேரம், அறுவை சிகிச்சைப் பயிற்சியில் கைத்திறனே பாடம். அதை எழுத்துத் தேர்வால் ஈடுகட்ட முடியாது. எது பாடத்தின் சாரம், எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் கடினமான வேலை. அதை ஆசிரியர் தலையில் மட்டும் கட்ட முடியாது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்களை யுஜிசி 2022-ல் வெளியிட்டது. அதைச் செயல்படுத்த நேரம், பயிற்சி, பணம் மூன்றையும் நிர்வாகம்தான் ஒதுக்க வேண்டும்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நீங்கள் படிப்பை முடித்து வேலைக்கு வந்திருக்கலாம். ஆனால் ஆபீஸில் புதியவர்களுக்கு டிரெய்னிங் கொடுப்பது நீங்களாக இருக்கலாம். படித்த கல்லூரிக்கு கெஸ்ட் லெக்சர் எடுக்கப் போகலாம். அடுத்த முறை ஸ்லைடு தயாரிக்கும்போது சின்னதாக ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் போனிலேயே ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. அதை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கோப்பைக் கேளுங்கள். ஒன்றும் புரியவில்லை என்றால், திருத்த வேண்டியது கோப்பைத்தான். அதைக் கேட்கப் போகிறவர் உங்களிடம் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.