ஐந்து மணிக்குப் போகலாமா?

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. சம்பள உயர்வோ பதவி உயர்வோ அப்போது அவள் மனத்தில் இராது. சாயந்திரம் ஒரு மணி நேரம் முன்னதாகப் போக விட்டால் போதும் என்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக லண்டன் மாநகரில் ஒரு பெண்மணி வழக்காட நேர்ந்தது. 2021-ம் ஆண்டில் தீர்ப்பான அந்த வழக்கு, பல நாட்டுப் பத்திரிகைகளிலும் அடிபட்டது.

அவர் வீடு வாங்கி விற்க உதவும் நிறுவனம் ஒன்றில் விற்பனை மானேஜர். 2016-ல் வேலைக்குச் சேர்ந்தவர். விற்பனை இலக்கை எட்டினால் ஆண்டுக்கு 1,20,000 பவுன் வருமானம் தரும் உத்தியோகம். 2018-ல் கருவுற்றார். பெண் குழந்தை பிறந்தது. லீவு முடிந்து திரும்பும் சமயத்தில் நிர்வாகத்திடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். வாரத்தில் நான்கு நாள் வேலை; மாலை ஆறு மணிக்குப் பதில் ஐந்து மணிக்குப் புறப்பட அனுமதி. குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்து வர வேண்டுமே!

நிர்வாகம் மறுத்துவிட்டது. செலவு கூடும், வாடிக்கைக்காரர்களைக் கவனிக்க முடியாது, இருக்கிற ஆட்களை வைத்து வேலையைப் பிரித்துக் கொடுக்க இயலாது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. வேறு வழி காணாமல் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிறகு தொழில் நீதிமன்றத்தின் படியேறினார்.

அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலை நேரம் பற்றிய குற்றச்சாட்டு மட்டும் நிலைத்தது. காப்பகமும் ஆறு மணிக்கு மூடுகிறது, காரியாலயமும் ஆறு மணிக்குத்தான் விடுகிறது என்றால் தாய் எப்படிப் பறந்து போவாள்? "எல்லோருக்கும் ஆறு மணி வரை வேலை" என்ற விதி காகிதத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் பாரம் பெண்ணின் தலையிலேயே அதிகமாக இறங்குகிறது. இதைத்தான் அந்நாட்டுச் சட்டம் மறைமுகப் பாரபட்சம் என்கிறது. நிறுவனம் சொன்ன காரணங்கள் அந்தப் பாதிப்பை நியாயப்படுத்தப் போதவில்லை என்று முடிவாயிற்று. சம்பள நஷ்டம், பென்ஷன் நஷ்டம், மன வேதனைக்கு 13,500 பவுன், வட்டி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 1,85,000 பவுன் கொடுக்கும்படி உத்தரவு.

அந்தத் தொகையைக் கொண்டு, மாலை ஐந்திலிருந்து ஆறு வரை டெலிபோனை எடுத்துப் பதில் சொல்ல எத்தனை வருஷத்துக்கு ஆள் வைத்திருக்கலாம்!

கேட்க மட்டும் உரிமை

பிரிட்டனில் இந்தத் தகராறு புதிதல்ல. உள்நாட்டு இலாகாவில் வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரி, இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு பகுதி நேர வேலை கேட்டார். உத்தியோகம் முழு நேர உத்தியோகம், மாற்ற இயலாது என்று சர்க்கார் கைவிரித்தது. 1984-ல் மேல் முறையீட்டு மன்றம் அந்த அதிகாரியின் பக்கம் தீர்ப்பளித்தது. முழு நேரம்தான் என்று பிடிவாதம் பிடிப்பதே பெண்களுக்குப் பாதகமாகலாம் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றி விட்டது.

ஆனால் வழக்காடி வெல்ல எல்லோராலும் ஆகுமா? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு அலைவது யாருக்கும் இஷ்டமான காரியமல்ல. ஆகவே 2003-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல், சிறு குழந்தைகளின் பெற்றோர் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முறையாக விண்ணப்பிக்க அந்நாட்டில் சட்டம் வழி செய்தது. 2014-ல் அது மற்ற ஊழியர்களுக்கும் விரிந்தது. அப்போதும் 26 வாரம் வேலை பார்த்தவர்களே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கேட்கலாம். ஓர் ஆண்டில் இரு முறை விண்ணப்பிக்கலாம். எஜமானர் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுக்கும் முன் ஊழியரை அழைத்துப் பேசவும் வேண்டும்.

இதெல்லாம் கேட்கும் உரிமைதான்; கேட்டது கிடைத்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மறுப்பதற்குச் சட்டமே எட்டுக் காரணங்களை எழுதி வைத்திருக்கிறது. கூடுதல் செலவு என்பது அவற்றில் ஒன்று. எந்த நிர்வாகிக்கும் அந்த எட்டில் ஒன்று அகப்படாமல் போகாது. இருந்தாலும் வாய்ப்பேச்சாக மறுத்துவிட்டு மறந்துவிட முடியாது என்ற அளவில் இது லாபமே.

இங்கே என்ன நிலை?

நம் நாட்டுச் சட்டம் லீவு விஷயத்தில் தாராளமானது. 1961-ம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டம் முதலில் 12 வாரம் கொடுத்தது. 2017-ல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் ஆயிற்று. பிரிட்டனில் 52 வாரம் லீவு உண்டென்றாலும் அதில் பெரும்பகுதிக்குச் சொற்பத் தொகையே கிடைக்கிறது. கடைசி 13 வாரத்துக்கு ஒன்றுமே கிடையாது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21 முதல் இந்த உரிமைகள் இங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம் பெற்றிருக்கின்றன. கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்மார்களுக்கு இந்தச் சட்டத்தின் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. அது தனிக் கதை.

திரும்பி வந்தவளுக்கு என்ன உண்டு? குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டத் தினம் இரண்டு இடைவேளை. ஐம்பது பேர் வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பக வசதி. தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். வேலை வீட்டிலிருந்து செய்யக் கூடியதென்றால் அவ்வாறு செய்ய எஜமானர் அனுமதிக்கலாம். எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். "அனுமதிக்கலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது. ஐந்து மணிக்குப் புறப்படுவதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. ஆக, பேச வேண்டியவள் தாய்தான்.

எப்படிப் பேசுவது? வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில், மேஜை மேல் பைல்கள் குவிந்து கிடக்கும்போது மானேஜரிடம் போய் நிற்பது உதவாது. லீவு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கடிதம் எழுதிவிட வேண்டும். "நேரத்தில் கொஞ்சம் சலுகை வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எத்தனை மணிக்கு வருவது, எத்தனை மணிக்குப் போவது, எந்த மாதம் வரை என்று கணக்காக எழுத வேண்டும். ஐந்து மணிக்கு மேல் வரும் வேலையை யார் பார்ப்பார்கள், காலையில் அரை மணி முன்னதாக வந்து எதை முடித்துக் கொடுக்கலாம் என்பதையும் எழுதிவிட்டால், மறுக்க வந்தவருக்குச் சொல்லப் பாதிக் காரணம் குறைந்து போகும். நிர்வாகம் தயங்கினால் மூன்று மாதம் பரீட்சார்த்தமாகப் பார்க்கலாம் என்று கேட்பது நல்லது. வாயால் கொடுத்த அனுமதியைக் காகிதத்தில் வாங்கிக்கொள்வது அதைவிட நல்லது. இன்றைய மானேஜர் நாளைக்கு மாற்றலாகிப் போய்விடுவார். அவருடைய வாக்கும் அவரோடு போய்விடும்.

சம்பளத்தில் ஏமாறாமல் இருப்பதும் முக்கியம். வாரத்தில் நான்கு நாள் என்று ஒப்புக்கொண்டு, நான்கு நாள் சம்பளம் வாங்கி, ஐந்து நாள் வேலையை இரவில் வீட்டில் உட்கார்ந்து முடிக்கும் தாய்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாள் குறைந்தால் எந்த வேலை குறைகிறது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

பாலூட்டும் இடைவேளை என்ற யோசனைக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, தினம் இரண்டு முறை அரை மணி நேரம் என்று உடன்படிக்கை எழுதியது. 1963-ல் நம் மத்திய சர்க்கார் சுரங்கங்களுக்கு வகுத்த விதியில் ஒவ்வோர் இடைவேளையும் 15 நிமிஷம்; போய்வர 5 முதல் 15 நிமிஷம் வரை கூடுதல். காப்பகம் பக்கத்தில் இருந்தால் சரி. குழந்தை பத்து மைல் தள்ளிப் பாட்டியிடம் இருந்தால் அந்தக் கால் மணியை வைத்து என்ன செய்வது?

ஸ்பெயின் தேசத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகும் வரை கிடைக்கும் ஒரு மணி நேர இடைவேளை வேண்டாமென்றால், அதற்குப் பதில் வேலை நாளில் அரை மணியைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது மொத்தமாகச் சேர்த்து முழு நாட்களாகவும் எடுத்துக்கொள்ளலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் இரண்டு இடைவேளையையும் ஒன்றாகச் சேர்த்து மாலையில் முன்னதாகப் புறப்பட விடுங்கள் என்று தாய் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒப்புக்கொள்ளும் எஜமானரையும் தடுக்கவில்லை.