கணித்தமிழ் ஆய்வாளர் அமைப்பின் நடைமுறை: உத்தமமும் சிதறால் கல்வெட்டு எழுப்பும் வினாவும்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்துள்ள சிதறால் மலை, கல்வெட்டுகளில் திருச்சாரணத்து மலை எனக் குறிக்கப்பெறும் சமணத் தலமாகும். பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும் இயக்கியர் உருவங்களும் இங்கு உள்ளன. கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கி குரத்திகள் இக்கோயிலுக்குப் பொன்னணிகள் அளித்த செய்தியைத் தருகிறது. குரத்தியர் என்போர் சமண சமயத்துப் பெண் ஆசிரியர் ஆவர். கொடையாளி யார், அவர் யாரிடம் பயின்றவர், எந்த ஆண்டில் கொடை நிகழ்ந்தது என்னும் மூன்றையும் அக்கல் தெளிவாகச் சொல்கிறது.

இக்கல்வெட்டை இன்று கணினியில் ஏற்ற முற்படும் ஆய்வாளர், எழுத்தைப் படிப்பதற்கு முன்பே ஒரு தடையை எதிர்கொள்கிறார். 2024இல் வெளிவந்த ஒருங்குறியின் 16ஆம் பதிப்பிலும் வட்டெழுத்துக்கெனத் தனித் தொகுதி இல்லை. எனவே அவர் இக்காலத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதியே தீர வேண்டும். வட்டெழுத்தின் வடிவ வேறுபாடுகள் அத்துடன் மறைந்துவிடுகின்றன. இத்தடையைத் தனியொருவர் நீக்க இயலாது. கணினி அறிவியலாரும் மொழியியலாரும் கல்வெட்டறிஞரும் ஓரிடத்தில் கூடி, முடிவெடுத்து, அம்முடிவை உலகத் தர அமைப்புகளின் முன் எடுத்துச் சொல்லும் அமைப்பு ஒன்று வேண்டும். அத்தகைய அமைப்பு எவ்வாறு இயங்குகிறது, எங்கே இடறுகிறது என்பதை உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தை (உத்தமம்) முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே வடிவம், இரண்டு குறியெண் தொடர்கள்

அமைப்பின் தேவையை விளக்க ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. கல்வெட்டுகளின் மங்கலத் தொடக்கத்தில் பெரிதும் காணப்படும் இவ்வெழுத்து, தமிழ்க் கல்வெட்டுகளில் கிரந்த வடிவில் பொறிக்கப்படுவது வழக்கம். ஒருங்குறியில் இதனை நான்கு குறியெண்களின் தொடராக அமைப்பர். தொடக்கத்தில் தமிழ்த் தொகுதியில் ஶகரம் இடம்பெறவில்லை. ஆகவே ஸகரத்தை முதலாகக் கொண்டு இக்கூட்டெழுத்து அமைக்கப்பட்டது. 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்டபோது, ஶகரத்தில் தொடங்கும் தொடரே உரியது என்று ஒருங்குறி ஆவணம் அறிவித்தது. ஆனால் அதற்குள் பழைய முறையில் ஏராளமான பனுவல்கள் உள்ளிடப்பட்டுவிட்டன. எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் விரைந்து மாறவில்லை. விளைவாக இரு முறைகளும் இன்றும் புழங்குகின்றன.

பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். படிப்பவர்க்கு வேறுபாடு தெரியாது, தேடும் நிரலுக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒரு கல்வெட்டுத் தரவகத்தில் ஒருவர் ஒருமுறையிலும் மற்றவர் மறுமுறையிலும் உள்ளிட்டிருந்தால், தேடல் பாதிப் பதிவுகளையே தரக்கூடும். அதனை அடிப்படையாகக் கொண்டு ‘இக்காலத்தில் இவ்வழக்கு குறைந்தது’ என ஓர் ஆய்வேடு முடிவுரைக்கவும் கூடும். பிழை கல்லிலும் இல்லை, ஆய்வாளரிடமும் இல்லை. எம்முறையைப் பின்பற்றுவது, பழைய தரவை எவ்வாறு மாற்றுவது என்று வழிகாட்ட வேண்டிய இடம் வெற்றிடமாக இருப்பதே காரணம்.

உத்தமத்தின் தோற்றமும் அமைப்பும்

1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியேற்றம் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் உள்ளிட்டதை மற்றொன்றில் படிக்க இயலாத நிலை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் எனத் தொலைவில் இருந்தோர் தத்தம் வழியில் தீர்வு தேடினர். 1997இல் சிங்கப்பூரில் நடந்த மாநாடு இத்தகையோரை ஓரிடத்தில் கூட்டியது. 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் நடத்திய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் உருப்பெற்றன. அண்ணா பல்கலைக்கழக மேனாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணனின் பங்கு இதில் முதன்மையானது. மறு ஆண்டு, 2000 ஜூலையில், சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உத்தமம் நிறுவப்பெற்றது.

இவ்வரிசையில் ஒரு செய்தி கருதத்தக்கது. முதலில் மாநாடு, பின்னரே மன்றம். ஆய்வாளர் அமைப்புகள் பலவும் இம்முறையில்தான் பிறக்கின்றன. மாநாடு நடந்து முடிந்ததும், எடுத்த முடிவுகளை அடுத்த மாநாடு வரை யார் பார்த்துக்கொள்வது என்னும் வினா எழுகிறது. அதற்கு விடையாகவே அலுவலகமும் விதிகளும் உருவாகின்றன. உத்தமத்தில் பல நாட்டு உறுப்பினர்களும் வட்டார அடிப்படையில் பொதுக்குழுவிற்கு உரியோரைத் தேர்ந்தெடுப்பர். பொதுக்குழுவிலிருந்து செயற்குழு அமையும். கலைச்சொல், ஒருங்குறி, இணையப் பெயர்கள் முதலிய பொருண்மைகளுக்குப் பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. பொறுப்பில் இருப்போர் ஊதியம் பெறாத தன்னார்வலர். பகலில் வேறு பணி, இரவில் மன்றப் பணி என்பதே அவர்தம் நடைமுறை. இவ்வமைப்பின் வலிமையும் நலிவும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

ஐந்தாண்டு இடைவெளி

2001 கோலாலம்பூர், 2002 கலிபோர்னியா, 2003 சென்னை, 2004 சிங்கப்பூர் என ஆண்டுதோறும் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதன்பின் 2009இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில்தான் அடுத்த மாநாடு கூடியது. பின்னர்க் கோவை, பிலடெல்பியா, சிதம்பரம், புதுச்சேரி, காந்திகிராமம், டொராண்டோ எனத் தொடர் மீண்டது. 2010இல் கோவையில் கூடியது, உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் இணைந்ததாகும்.

காரணங்கள் எவையாயினும் அவ்விடைவெளியின் காலம் எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. ஶகரமும் தமிழ்ச் சுழியமும் 2005இலும், ஓங்காரக் குறி 2008இலும் ஒருங்குறியில் ஏறின. தமிழ்த் தொகுதி வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் தமிழ்க் கணிமையாளர் ஆண்டுதோறும் நேரில் கூடும் அவை கூடவில்லை. பணிக்குழுக்கள் கடிதவழி இயங்க முடியும். எனினும் கருத்து வேறுபாடுடைய இருவர் ஒரே அறையில் அமர்ந்து தீர்ப்பதைக் கடிதம் தீர்ப்பதில்லை.

ஒருங்குறியின் நிலைப்புக் கொள்கை இவ்விழப்பைப் பெரிதாக்குகிறது. ஒருமுறை ஏற்றப்பட்ட எழுத்தை நீக்கவோ, இடம் மாற்றவோ, பெயர் மாற்றவோ இயலாது. 1991இல் தமிழ்த் தொகுதி முதன்முதல் ஏற்றப்பட்டபோது, இந்திய அரசின் இஸ்கி தரவரிசையை ஒட்டியே அமைந்தது. ஆய்தத்திற்கு ‘விசர்க்கக் குறி’ என்னும் பெயர் அப்போது வந்தது. இன்றளவும் அதன் அலுவல்முறைப் பெயர் அதுவே. ஆய்தம் என்னும் சொல் விளக்கக் குறிப்பாக மட்டுமே அருகில் நிற்கிறது. தொல்காப்பியம் பயின்ற எவரும் ஏற்காத இப்பெயரை எந்த மாநாட்டுத் தீர்மானத்தாலும் இனி மாற்ற முடியாது. அமைப்பு ஒன்று உரிய காலத்தில் இல்லாமற் போவதன் விலை இத்தகையது.

யார் சார்பில் பேசுவது?

2010இல் கிரந்த எழுத்துக்கு ஒருங்குறியில் தனித் தொகுதி கோரும் முன்மொழிவுகள் விவாதத்திற்கு வந்தன. எகர, ஒகரக் குறில்களையும் ழ, ற, ன ஆகியவற்றையும் கிரந்தத் தொகுதிக்குள் சேர்க்கலாம் என்னும் கருத்தும் அவற்றுள் இருந்தது. இது தமிழ் எழுத்துக்கு ஊறு விளைக்கும் என எதிர்ப்பு எழுந்தது. தமிழக அரசு மத்திய அரசுக்கு எழுதி, முடிவைத் தள்ளிவைக்கக் கோரியது. இறுதியில் 2014இல் 7.0ஆம் பதிப்பில் கிரந்தம் தனித் தொகுதியாக ஏறியது. மேற்குறித்த தமிழ் எழுத்துகள் அதில் சேர்க்கப்படவில்லை.

இச்செய்தியில் எத்தரப்பு சரி என்பது இங்கு ஆய்வுப்பொருள் அன்று. தமிழ்க் கணிமையாளருக்குள்ளேயே முன்மொழிந்தோரும் எதிர்த்தோரும் இருந்தனர் என்பதே நோக்கத்தக்கது. தர அமைப்புக்குத் தனியொருவரும் முன்மொழிவு அளிக்கலாம், அரசும் அளிக்கலாம், மன்றமும் அளிக்கலாம். ஆய்வாளர் மன்றம் உள்விவாதத்தை முடித்துப் பெரும்பான்மைக் கருத்தையும் மாற்றுக் கருத்தையும் எழுத்தில் வைத்திருந்தால், அரசு அதனைக் கேட்டுச் செயற்பட வாய்ப்புண்டு. இல்லையெனில் முடிவு அரசியல் களத்திற்குப் போய்விடும். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியேற்றமாகிய டேஸ்16ஐயும் ஏற்று ஆணையிட்டது, ஆய்வாளர் நெடுங்காலம் விவாதித்த செய்தி அரசாணையாக முடிவதற்குச் சான்று. அங்கும் இரு தரங்கள் ஒருசேர ஏற்கப்பட்டன என்பது, விவாதம் முற்றுப்பெறாமலேயே ஆணை வந்ததைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

பொறுப்புத் தொடர்ச்சி

தன்னார்வலர் அமைப்புகளில் தலைவர் மாறும்போது கோப்புகளும் நினைவும் தொடர்புகளும் உடன் போய்விடுவது பொதுவான இடர். கணினி மொழியியல் கழகம் இதற்குக் கண்ட வழி எளிமையானது. 1962இல் எந்திர மொழிபெயர்ப்புக்கும் கணினி மொழியியலுக்குமான கழகமாகத் தொடங்கி, 1968இல் இப்போதைய பெயர் பெற்ற அக்கழகத்தில், உறுப்பினர் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. துணைத்தலைவராக வரவிருப்பவரையே தேர்ந்தெடுப்பர். அவர் மறு ஆண்டு துணைத்தலைவர், அதற்கடுத்த ஆண்டு தலைவர், பின்னர் மேனாள் தலைவர் என்ற நிலையில் ஆட்சிக்குழுவில் நீடிப்பார். ஆக, தலைமையேற்கும் ஒருவர் இரண்டாண்டு பயின்றே வருகிறார், விலகிய பின்னும் ஓராண்டு உடனிருக்கிறார். செலவற்ற இவ்வேற்பாடு தமிழ் அமைப்புகளுக்கும் பொருந்தும்.

கட்டுரைத் தேர்வும் வெளியீடும்

இளம் ஆய்வாளர் ஓர் அமைப்பில் சேர்வதும் விலகுவதும் பெரிதும் வெளியீட்டைப் பொறுத்தது. இந்தியாவில் கணிமை ஆய்வுக்கான கழகம் நடத்தும் மென்பொருள் தொழில்நுட்ப, கோட்பாட்டுக் கணினியியல் மாநாடு 1981 முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அதன் தொகுப்புகள் நெடுங்காலம் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தன. 2008இல் ஜெர்மனியின் டாக்ஸ்டூல் நிறுவனம் நடத்தும் திறந்த அணுக்கத் தொடருக்கு அவை மாறின. கணினி மொழியியல் கழகமும் தன் கட்டுரைகள் அனைத்தையும் கட்டணமின்றிக் கிடைக்கும் தொகுப்பகமாக வைத்துள்ளது. கடுமையான மறைமுக மதிப்பீடு, தவறாத நாள்வரிசை, நிலையான இணைய இருப்பு ஆகிய மூன்றுமே இம்மாநாடுகளுக்கு மதிப்பைத் தந்தன.

தமிழ்க் கணிமையில் ஆய்வு செய்வோர் இங்கே இருதலைக் கொள்ளி எறும்பாகின்றனர். 2021 முதல் திராவிட மொழித் தொழில்நுட்பத்திற்கெனத் தனிப் பயிலரங்குகள் கணினி மொழியியல் கழக மாநாடுகளுடன் இணைந்து நடைபெறுகின்றன. அங்கு வெளியாகும் ஆங்கிலக் கட்டுரைக்கு மேற்கோள் கிடைக்கும். தமிழில் எழுதித் தமிழ் இணைய மாநாட்டில் படிக்கும் கட்டுரை, தமிழாசிரியர்க்கும் கல்வெட்டறிஞர்க்கும் பயன்படும், பணி உயர்வுக் கணக்கில் அதே மதிப்பைப் பெறுவது அரிது. பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் முனைவர் பட்டத்திற்குக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கும் விதியைக் கைவிட்டது. 2025இல் தன் இதழ்ப் பட்டியலையும் கைவிட்டது. எவ்விதழ் தரமானது என முடிவு செய்யும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வாளர் சமூகத்திடமும் வந்துள்ளது. மதிப்பீட்டு நெறியை வெளிப்படையாக வைத்து, மாநாட்டுத் தொகுப்புகளை முதலாண்டிலிருந்தே ஒழுங்குபடுத்திக் காக்கும் தமிழ் மன்றத்திற்கு இது தக்க வாய்ப்பு. வாளாவிருந்தால் அவ்வாய்ப்பு வணிக இதழ்களுக்குப் போகும்.

வட்டெழுத்துக்கான முன்மொழிவு

சிதறால் கல்வெட்டின் தொடக்க வினாவுக்கு இதனை ஒட்டியே விடை காணவேண்டும். புதிய எழுத்துமுறையை ஒருங்குறியில் ஏற்ற, எழுத்துப் பட்டியல், ஒவ்வொன்றின் இயல்புகள், வடிவ மாதிரிகள், கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் அவை வழங்கியதற்கான படச்சான்றுகள், எழுத்துரு ஆகியன வேண்டும். வட்டெழுத்து பல நூற்றாண்டுகள் வழங்கியது. பாண்டிநாடு, சேரநாடு, ஆய்நாடு என வட்டாரத்திற்கேற்ப வடிவம் மாறியது. எவ்வேறுபாடு தனி எழுத்து, எது எழுதுவோரின் கைவழக்கு என்று பிரிப்பதற்குக் கல்வெட்டறிஞர் வேண்டும். அப்பிரிவைக் குறியெண்ணாக்கக் கணினியியலார் வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970களின் இறுதியிலும் 1980களிலும் அச்சுத் தமிழ் எழுத்துகளையும் பிராமி எழுத்துகளையும் கணினி கொண்டு அறியும் ஆய்வுகளை மேற்கொண்டபோது, இவ்விரு திறனும் ஒரு துறைக்குள்ளேயே சேர்ந்திருந்தன. இன்று அவை வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு ஊர்களில் உள்ளன.

திருவிதாங்கூர்த் தொல்லியல் துறை நூறாண்டுக்கு முன் தென்குமரிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வெளியிட்டுள்ளது. மூலச் சான்றுக்குப் பஞ்சமில்லை. பெர்க்கிலியில் 2002 முதல் இயங்கிவரும் எழுத்துமுறைக் குறியேற்ற முயற்சி போன்ற திட்டங்கள் முன்மொழிவு எழுதுவோர்க்குத் துணைபுரிகின்றன. 2024 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கணித்தமிழ் மாநாட்டைப் போன்ற அரசு முயற்சிகள் பொருளுதவிக்கு வழி செய்யக்கூடும். ஆயினும் மாநாடு முடிந்தபின் முன்மொழிவின் முதல் வரைவை யார் எழுதுவது, மதிப்பீட்டாளர் எழுப்பும் வினாக்களுக்கு யார் விடையளிப்பது, அவர் விலகினால் அடுத்தவர் யார் என்பனவற்றைப் பெயரும் நாளும் இட்டுப் பதிவு செய்யும் பணிக்குழு ஒன்று முதலில் அமைய வேண்டும். மூன்றுக்கு மேற்படாத உறுப்பினரும் ஒரு செயலரும் அதற்குப் போதும்.