குறுக்கெழுத்தில் ஷேக்ஸ்பியர் வந்தால் பயம் ஏன்?

மாதுங்காவில் மின்சார ரயில் ஏறி, உட்கார இடமும் கிடைத்துவிட்டால், நம்மவர் பலர் ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கத்தை மடித்துக்கொள்வார்கள். பேனா மளமளவென்று ஓடும். ‘டிக்கன்ஸ் பாத்திரம்’, ‘ஷேக்ஸ்பியர் நாயகி’ என்று ஒரு குறிப்பு வந்ததும் நின்றுவிடும். “இதெல்லாம் இலக்கியம் எம்.ஏ. படித்தவர்களுக்கு” என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார், பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்த குமாஸ்தா.

அப்படி விட வேண்டியதில்லை.

ஓவர்டைம் தெரிந்தால் போதும்

இவ்வகைக் குறிப்புகளில் விடைக்குப் பெரும்பாலும் இரண்டு வழி உண்டு. ஒன்று பொருள், மற்றொன்று எழுத்துக் கூட்டல். ஒன்று கைவிட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

‘ஓவர்டைமுக்குப் பிறகு டெலிபோனில் சொல்வது வெனிஸ் நகரத்துத் தளபதியைக் காட்டும், ஏழு எழுத்து’ என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓவர்டைம் என்றால் ஓ.டி. இது எந்தக் குமாஸ்தாவுக்குத் தெரியாது? டெலிபோனை எடுத்ததும் சொல்வது ‘ஹலோ’. இரண்டையும் ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால் ‘ஒதெல்லோ’ வந்துவிடும். நாடகத்தைப் பார்த்திராதவரும் போட்டுவிடலாம். துறைமுகத்துக்கு ஆங்கிலத்தில் ‘போர்ட்’. அதன் பின்னால் ஐ, ஏ என்ற எழுத்துகளைச் சேர்த்தால், வக்கீல் வேடத்தில் வாதாடிய ‘போர்ஷியா’. ‘ஹாம்லெட்’ என்பதற்குச் சிறு கிராமம் என்ற பொருளும் உண்டு.

திரும்பத் திரும்ப வருபவர்கள்

மேலும், வருகிற பெயர்கள் எண்ணற்றவை அல்ல. சிறிய பெயராகவும் உயிரெழுத்து நிறைந்ததாகவும் இருந்தால் குறுக்கெழுத்து அமைப்பவர்களுக்குக் கொள்ளை ஆசை. ‘எலியா’ அப்படிப்பட்ட பெயர். ஆங்கிலத்தில் நாலு எழுத்து. அதில் மூன்று உயிர்.

சார்லஸ் லாம் கட்டுரை எழுதப் பூண்ட புனைபெயர் அது. அவர் யார்? லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 1792 முதல் 1825 வரை வேலை பார்த்த குமாஸ்தா! அவரும் அவர் தமக்கை மேரியும் 1807-ல் ஷேக்ஸ்பியரின் இருபது நாடகங்களை எளிய உரைநடைக் கதைகளாக்கினார்கள். அந்த ஒரு புத்தகத்தைப் படித்தாலே ஒதெல்லோவும் போர்ஷியாவும் ஹாம்லெட்டும் பழகியவர்களாகிவிடுவர். ஜூலியஸ் சீசர், பால்ஸ்டாப் போன்றவர்கள் அதில் இல்லை. அவர்களைத் தனியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று விட்ட விடையை நாளைய பத்திரிகையில் பார்த்து, பெயர், நூல், ஆசிரியர் மூன்றையும் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். சில மாதங்களில் பழைய முகங்களே திரும்ப வருவது தெரியும். சிலரை நூலகத்தில் போய்ச் சந்திக்கவும் ஆசை பிறக்கும். உண்மையான பரிசு அதுதான்.

‘இந்து’ நாளிதழுக்கு 1971-ல் குறுக்கெழுத்து அமைக்கத் தொடங்கியவர் இலக்கியப் பேராசிரியர் அல்லர். கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற ராம்தாஸ் கட்டாரி.

முப்பத்து மூன்று வருஷம் பேரேடு எழுதியவர் பெயர் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது. பேரேடு எழுதும் இன்னொருவருக்கு அதைக் கண்டுபிடிக்க முடியாதா என்ன?