கலரியில் ஓர் இடம்: அம்மம்மாவின் திரைப்பட நினைவுகள் பற்றிய ஒரு குறிப்பு

தமிழ்ச் சினிமாவின் சமூக வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் படங்களையும் அவற்றைத் தயாரித்தோரையுமே சான்றாகக் கொள்வர். பார்வையாளர், அதிலும் கலரியில் இருந்த பார்வையாளர், அரிதாகவே பேசவைக்கப்படுகின்றனர். 1940இல் வலிகாமத்துக் கிராமமொன்றில், தாழ்த்தப்பட்ட சாதியொன்றிற் பிறந்த என் அம்மம்மா, எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை தாம் பார்த்த படங்களைப் பற்றிக் கூறியவற்றை இங்கு ஆராய முற்படுகிறேன். ஒரு மூதாட்டியின் நினைவு ஆவணமாகுமா எனக் கேட்கப்படலாம். கதைகளை அவர் மறந்துவிட்டார்; எங்கே, எப்படி, யார் பக்கத்தில் இருந்தார் என்பதை மறக்கவில்லை. நமக்கு வேண்டியதும் அதுவே.

பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு சாதனமாக நோக்கி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் எல்லோரையும் முதன்முதலாக ஒரே கூரையின்கீழ் கூட்டிய அரங்கு சினிமாவே என்றும், அங்கு ஒருவரின் இடத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் சக்தியே என்றும் வாதிட்டார். இக்கருத்து அடிப்படையிற் சரியானது. ஊர்க்கோயில் திருவிழாவிற் சின்னமேளத்தை வெளிவீதிக்கும் அப்பால் நின்று பார்த்த அம்மம்மா, பட்டினத்துத் திரையரங்கில் ‘சந்திரலேகா’வை (1948) வாங்கில் இருந்து பார்த்தார். அப்படத்தின் புகழ்பெற்ற முரசு நடனத்தைப் பற்றிக் கேட்டால், “பெரிய பெரிய முரசு” என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு வாங்குக்குத் திரும்பிவிடுவார். “முதல் இருக்கப் பயந்து நிண்டனான். ஐயாதான் கையைப் பிடிச்சு இருத்தினவர்.”

ஆயினும் இந்நினைவைச் சற்றுப் பின்னோக்கி, வீட்டுப் படலை வரை தொடர்ந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. பட்டினத்துக்குச் சென்ற பஸ்ஸில் அவருடைய தகப்பனார் முழுக் கட்டணமும் செலுத்தினார். ஆசனத்தில் இருக்க முடியவில்லை, தட்டிலேயே இருக்கவேண்டியிருந்தது. (பஸ் சேவை 1958இல் தேசியமயமாகும்வரை தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது.) சந்தித் தேநீர்க்கடையிலும் காசு காசுதான்; தேநீர் கிடைத்ததோ வெளியே, இவர்களுக்கென்று வைத்த போத்தலில். ஒரே நாளில், ஒரே மடியிலிருந்து எடுத்த காசு, இரண்டு இடங்களில் பண்டத்தை மட்டும் வாங்கிற்று. மூன்றாவது இடத்தில் ஆசனத்தையும் வாங்கிற்று. வாங்கும் சக்தி மட்டுமே காரணமெனின் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

பஸ்ஸும் தேநீர்க்கடையும் ஊரின் உற்பத்தி உறவுகளுக்குள் இயங்கின. அங்கு ஒருவரையொருவர் அறிவர்; யார் யாருடைய தோட்டத்திற் கூலி என்பதும் அறிவர். உயர்சாதி வாடிக்கையாளரை இழக்கக் கடைக்காரர் துணியமாட்டார். திரையரங்கோ பெருமுதல் முடங்கிய தொழில். மலிவான கலரி ஒவ்வொரு காட்சிக்கும் நிறையவேண்டும். பல ஊர்களிலிருந்தும் வந்த அந்நியர் இருளில் அருகருகே இருந்தனர், ‘நீ ஆர்?’ என்று கேட்க எவருக்கும் நேரமுமில்லை, வெளிச்சமுமில்லை. அவர்களோடு இருக்க விரும்பாதோர் கூடிய விலை கொடுத்து முதலாம் வகுப்புக்கும் பல்கனிக்கும் சென்றனர். இருசாராரிடமும் இலாபம் பெற முடிந்ததால் முதலாளி எவரையும் திருப்பி அனுப்பவேண்டியிருக்கவில்லை. எனவே பணம் தன்னளவிற் சாதியைக் கரைக்கவில்லை. ஊர் ஆளை அறியாத இடத்தில் மாத்திரம் அது சாதியைச் சற்று மறைத்தது. போராடிப் பெறாத இச்சமத்துவம் திரையரங்கின் வாசலைத் தாண்டவுமில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம்கூடத் தேநீர்க்கடைகளைத் திறந்துவிடவில்லை. அதற்கு 1966 ஒக்டோபர் எழுச்சியும் அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. அம்மம்மா அப்போது இரண்டு பிள்ளைகளின் தாய்.

காசு செல்லாத இன்னொரு வாசலும் உண்டு. அவர் சிறுமியாகப் பார்த்த கடைசிப் படம் ‘ஔவையார்’ (1953). எஸ். எஸ். வாசனின் ஜெமினி தயாரித்து, கே. பி. சுந்தராம்பாள் நடித்த இப்படத்தை வெறும் பக்திப்படம் என நம்மவர் எளிதில் தள்ளிவிடுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். திருமணத்தை வேண்டாத இளம் ஔவை பிள்ளையாரை வேண்டி முதுமையைப் பெறுகிறாள். பின்னர் ஊரூராக நடக்கிறாள். கோட்டையைத் தகர்க்கும் யானைகளை அம்மம்மா மறந்துவிட்டார். கிழவியானால் றோட்டிலே தனியப் போகலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அன்று எண்ணியதை மறக்கவில்லை.

சில மாதங்களில் அவர் பெரியபிள்ளையானார். கலரிக்குக் காசு இருந்தது. தகப்பனார் தம்பியைத் தொடர்ந்து கூட்டிச்சென்றார். தம்பி வாங்கிவந்த பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துப் பாட, அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு, காணாத படங்களின் பாட்டுகளையும் அம்மம்மா மனனஞ் செய்தார். இன்றும் அவற்றைப் பிழையின்றிப் பாடுவார். கண்ட படங்களின் பாட்டானால் மட்டும், பாடி முடித்தபின், எந்த வாங்கில் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.