அடியோட்டம்

கண்ணாற் காணும் பொருளைக் குறிக்கத் தோன்றிய சொல், நாளடைவில் கருத்தால் உணரும் பொருளுக்கும் பெயராவது உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் ‘அண்டர்கரண்ட்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். ‘அண்டர்’ என்பது கீழ் எனவும், ‘கரண்ட்’ என்பது ஓட்டம் எனவும் பொருள்படும். மின்சாரத்தைப் பேச்சு வழக்கில் ‘கரண்டு’ என்று நாம் கூறுவதும் மின்னின் ஓட்டம் பற்றியே. ஆகவே, அச்சொல்லைத் தமிழில் ‘அடியோட்டம்’ எனலாம்.

நீர்ப்பரப்பின் கீழே, கண்ணுக்குப் புலனாகாமல் ஓடும் ஓட்டமே அடியோட்டம். கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைக்கும் போஸ்பரஸ் நீரிணையில் இதனைக் காணலாம். அங்கு மேல்நீர் கருங்கடலிலிருந்து மர்மராவை நோக்கி ஓடுகின்றது. ஆயினும், ஆழத்தில் நீர் எதிர்த்திசையில் செல்கின்றது என்பதை அந்நாட்டு மீனவர் தம் வலைகளின் போக்கால் அறிந்திருந்தனர்.

1679ஆம் ஆண்டில் அங்குச் சென்ற மார்சிலி என்னும் இத்தாலிய இளைஞர் இச்செய்தியைக் கேள்வியுற்றார். கேட்ட அளவில் நம்பிவிடாமலும், இகழ்ந்து தள்ளாமலும், அதனை ஆராயத் துணிந்தார். எடை கட்டிய கயிற்றில் வெண்ணிறம் பூசிய தக்கைகளை இடையிடையே பிணித்து நீரில் இறக்கினார். மேலிருந்த தக்கைகள் மர்மராப் பக்கமும், ஆழத்தில் இருந்தவை கருங்கடற் பக்கமும் ஒதுங்கின. மீனவர் கூற்று மெய்யாயிற்று.

இதற்குக் காரணம் யாது? டான்யூபு முதலிய பேராறுகள் கலப்பதால் கருங்கடல் நீரில் உப்புக் குறைவு. அதனால் அந்நீர் எடை குறைந்து மேலே ஓடுகின்றது. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் நீர் உப்பு மிக்கது. எடை மிகுந்த அது கீழே செல்கின்றது. நடுவே தடுப்புடைய ஒரு பெட்டியில் இருவகை நீரையும் ஊற்றி, தடுப்பின் மேலும் கீழும் துளைகளைத் திறந்து, மார்சிலி இவ்வுண்மையை விளக்கிக் காட்டினார். 1681இல் தம் ஆய்வை நூலாகவும் வெளியிட்டார்.

இச்சொல் மனித வாழ்வுக்கும் ஏற்றிக் கூறப்படுகின்றது. நகைச்சுவை ததும்பும் கடிதம் ஒன்றில் துயரம் இழையோடலாம். அமைதியாகத் தோன்றும் ஓர் அவையில் மனக்கசப்புப் பரவியிருக்கலாம். இவற்றையும் ‘அடியோட்டம்’ என்பர். மறைவாக உள்ளவை எல்லாம் அடியோட்டம் ஆகா. புதைத்து வைத்த பொருள் ஓரிடத்தே கிடக்கும். அடியோட்டமோ இயங்கிக்கொண்டே இருக்கும். பல வேளைகளில், மேலே தோன்றும் போக்குக்கு அது மாறாகவும் செல்லும்.

மேற்பரப்பை மட்டும் கண்டு ஒருவரை மதிப்பிடுதல் தவறு. “இவர் சொல்லுக்கு அடியில் வேறு எண்ணம் இருக்கின்றது” எனச் சான்றின்றி ஐயுறுதல் அதனினும் பெருந்தவறு; நல்ல நட்பும் இவ்வையத்தால் முறிந்துவிடும். மீனவர் சொல்லைக் கேட்ட மார்சிலி, தக்கைகள் காட்டிய திசையைக் கண்ட பின்னரே முடிவு கூறினார். பிறர் உள்ளத்தின் அடியோட்டத்தை அறிய விரும்புவோர்க்கும் அப்பொறுமை வேண்டும்.