துப்பாக்கி தானாக வெடிக்குமா?

தேர்தல் தேதி வெளியானவுடன், கடலூரிலும் சிதம்பரத்திலும் லைஸென்ஸ் பெற்ற துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு பிறப்பது வழக்கம். தேர்தல் முடிந்தபின் அவை சொந்தக்காரரிடம் திரும்பும். இவ்வேற்பாட்டை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஆயுதம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் அச்சில நிமிஷங்கள் மிக்க அபாயமானவை என்பதை அதிகாரிகளுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

2023 டிசம்பர் 8-ந் தேதி அலிகார் நகரத்துப் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில், பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு ஸ்திரீ வந்து நின்றிருந்தார். ஸப்-இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் கைத்துப்பாக்கியொன்று கொடுக்கப்பட்டது. அவர் அதைக் கையாளுகையில் குண்டு பாய்ந்து அந்த அம்மையாரின் தலையில் தைத்தது. சில நாட்களில் அவர் உயிர் துறந்தார்.

இத்தகைய சமயங்களில் “துப்பாக்கி தவறுதலாக வெடித்தது” என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கியத்தின் எழுவாய் துப்பாக்கி. மனிதன் மாயமாய் மறைந்துவிடுகிறான்! பிஸ்டலிலிருந்து மாகஸின் என்னும் தோட்டாக்கூட்டை உருவிவிட்டால் ஆயுதம் காலியென்று பலர் நம்புகின்றனர். குழலின் அடியறையில் ஏறிவிட்ட தோட்டா அங்கேயே இருக்கும். மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால்தான் அது வெளியே விழும். கூட்டை உருவாமல் மேற்பாகத்தை இழுப்பவரோ, ஒரு தோட்டாவை வெளியேற்றி மற்றொன்றைத் தாமே ஏற்றிவிடுகிறார். பிறகு காலியென்றெண்ணி விசையை அழுத்துகிறார். விசையின்மேல் விரலிருக்கையில் திடுக்கிட்டாலும், இடறினாலும், மறு கையால் எதையேனும் இறுகப் பற்றினாலும், அவ்விரல் தானே மடங்கக்கூடும்.

இயந்திரக் குற்றமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. பழைய அமைப்புள்ள ரிவால்வரில் சுத்தி தோட்டாவின்மேல் படிந்திருக்கும். கீழே விழும் அடியே வெடிக்கப் போதும். அதனாலன்றோ அக்காலத்தவர் ஓர் அறையைக் காலியாக விட்டனர்! பிற்கால ரிவால்வர்களில் இதைத் தடுக்கும் அமைப்பு உண்டு. எனினும், 2024 அக்டோபர் 1-ந் தேதி மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தது, அவருடைய லைஸென்ஸ் பெற்ற ரிவால்வர் கைநழுவி விழுந்ததனால் என்றே சொல்லப்பட்டது.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை நம் தேசத்தார் வெறுத்தனர். 1931-ல் காங்கிரஸ் மகாசபை பிரஜா உரிமைகளை வகுத்தபோது ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது; அது விதிகளுக்கு உட்பட்டது என்று கூறவும் தவறவில்லை. 2016-ம் வருஷத்து விதிகள், லைஸென்ஸ் கோருவோர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டுமென்கின்றன. மிகவும் நல்லது. மேஜைக்கு அப்பாலிருந்து ஆயுதத்தை வாங்குபவரும் அதே பயிற்சி உடையவராயிருக்க வேண்டாமா?

ஸ்டேஷன் வாசலில் மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? குழலை மணலை நோக்கிப் பிடித்து, முதலில் கூட்டை உருவி, பின்னர் மேற்பாகத்தை இழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே ஆயுதம் உள்ளே வரட்டும். ரிவால்வராயின் உருளையைத் திறந்து காட்டட்டும். கொடுப்பவர் எத்துணைப் பெரிய மனிதராயினும், காலியென்ற அவர் வாய்மொழியை வாங்குபவர் ஏற்கலாகாது. தாமே மறுபடி பார்க்கவேண்டும். கடலூர் ஜில்லா அதிகாரிகள் அடுத்த தேர்தலுக்கு முன்பே இவ்வாறு உத்தரவிட வேண்டுமென்று கோருகிறோம்.