வக்கீல் வரட்டும், பிறகு சொல்கிறேன்!
போலீஸ் விசாரணையும் வாய் திறக்காத உரிமையும்

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். பாலைவனச் சீமை. அதன் தலைநகரம் பீனிக்ஸ்.

1963-ம் ஆண்டு மார்ச் மாதம் 13-ந் தேதி, அந்த ஊரில் ஒரு வீட்டுக் கதவைப் போலீசார் தட்டினார்கள். இரவு முழுவதும் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த வாலிபன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான். பெயர் எர்னஸ்டோ மிராண்டா. வயது 22. மெக்சிகோ வம்சத்தைச் சேர்ந்தவன். ஏழை. 9-ம் வகுப்பில் பாதியோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன்.

ஸ்டேஷன் வரை வந்து போகும்படி போலீசார் சொன்னார்கள். போனான்.

பத்து நாட்களுக்கு முன், 18 வயதுப் பெண் ஒருத்தியை யாரோ ஒருவன் காரில் கடத்திச் சென்று பலாத்காரம் செய்திருந்தான். அந்தக் காரைத் தேடித்தான் போலீசார் மிராண்டாவின் வீட்டுக்கு வந்தார்கள். அவனை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி அந்தப் பெண்ணிடம் காட்டினார்கள். அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால், அவள் அடையாளம் காட்டிவிட்டாள் என்று மிராண்டா நம்பும்படி போலீசார் பேசிவிட்டார்கள்.

அடி இல்லை, உதை இல்லை. அறைக்குள் இரண்டு மணி நேரம் கேள்வி. அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான் மிராண்டா.

அவன் எழுதிய காகிதத்தின் தலைப்பில் முன்கூட்டியே டைப் அடித்த சில வரிகள் இருந்தன. 'என் சட்ட உரிமைகளை முழுவதும் தெரிந்துகொண்டு, மனமார இதைச் சொல்கிறேன்' என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், அந்த உரிமைகள் எவை என்று அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை!

73 வயது வக்கீல்

மிராண்டாவிடம் வக்கீல் வைக்கப் பணம் இல்லை. கோர்ட்டே ஒரு வக்கீலை நியமித்தது. அவர் 73 வயதுக் கிழவர். அவருக்குக் கிடைத்த பீஸ் 100 டாலர்.

கிழவர் சும்மா இருக்கவில்லை. விசாரித்த போலீஸ் அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று இவனிடம் சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லவில்லை என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். அப்படியானால் இந்த வாக்குமூலம் செல்லாது என்று வக்கீல் வாதாடினார். நீதிபதி ஏற்கவில்லை. 20 ஆண்டு முதல் 30 ஆண்டு வரை ஜெயில் என்று தீர்ப்பு ஆயிற்று.

கதவு இடுக்கில் கண்ட வக்கீல்

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், சிகாகோ நகரில் இன்னொரு சம்பவம் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் மிராண்டாவின் கதை புரியாது.

டேனி எஸ்கோபிடோ என்ற 22 வயது வாலிபன். அவனுடைய சகோதரியின் கணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். 1960 ஜனவரி 30-ந் தேதி இரவு எஸ்கோபிடோவைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் விவரம் தெரிந்தவன். என் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

வக்கீலும் வந்தார். அதே கட்டிடத்தில், சில அடி தூரத்தில், நள்ளிரவு தாண்டியும் நின்றார். என் கட்சிக்காரனைப் பார்க்க விடுங்கள் என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் மன்றாடினார். விடவில்லை. திறந்திருந்த கதவு வழியாக ஒரு கணம் இருவர் கண்ணும் சந்தித்தன. வக்கீல் கையை அசைத்தார். பேசாதே என்று ஜாடை காட்டினார். உடனே கதவைச் சாத்திவிட்டார்கள்.

உள்ளே வேறொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 'நீதான் சுட்டாய் என்று இவன் சொல்கிறான்' என்றார்கள். எஸ்கோபிடோவுக்கு ஆத்திரம் பொங்கியது. நான் சுடவில்லை, சுட்டவன் நீதான் என்று அந்த ஆளைப் பார்த்துக் கத்திவிட்டான். தீர்ந்தது! கொலை நடந்த விதம் தனக்குத் தெரியும் என்பதை அவன் வாயாலேயே சொன்னதாக ஆகிவிட்டது. வக்கீல் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வார்த்தை வெளியே வந்திருக்காது.

1964-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தது. வக்கீல் வேண்டும் என்று கேட்டவனுக்கு வக்கீலை மறுத்தது தவறு என்றது.

மிராண்டாவின் அப்பீல் அரிசோனா மேல் கோர்ட்டில் வந்தபோது, இந்தத் தீர்ப்பே அவனுக்கு எதிராகத் திரும்பியது. எஸ்கோபிடோ வக்கீல் கேட்டான், மிராண்டா கேட்கவில்லையே என்று அப்பீலைத் தள்ளிவிட்டார்கள்.

கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் உரிமையா? கேட்கத் தெரியாத ஏழைக்கு இல்லையா? இந்தக் கேள்விதான் சுப்ரீம் கோர்ட்டு வாசலை எட்டியது.

ஐந்துக்கு நான்கு

1966 ஜூன் 13-ந் தேதி பிரதம நீதிபதி எர்ல் வாரன் தீர்ப்பைப் படித்தார். அவர் ஒன்றும் போலீசுக்கு விரோதி அல்ல. ஒரு காலத்தில் கலிபோர்னியாவில் சர்க்கார் தரப்பு வக்கீலாக இருந்து பல பேரை ஜெயிலுக்கு அனுப்பியவர். மூடிய அறைக்குள் என்ன நடக்கும் என்று அறிந்தவர்.

காவலில் இருப்பவனைக் கேள்வி கேட்கும் முன் போலீசார் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்றார் வாரன். நீ பேசாமல் இருக்கலாம். பேசினால் அது உனக்கு எதிராகக் கோர்ட்டில் வரும். விசாரணையின்போது வக்கீல் உன் பக்கத்தில் இருக்கலாம். பணம் இல்லை என்றால் சர்க்காரே வக்கீல் வைத்துத் தரும். அமெரிக்க சினிமாப் படங்களில் கைவிலங்கு மாட்டும்போதே போலீஸ்காரர் கடகடவென்று ஒப்பிக்கிறாரே, அதுதான் இது.

ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் இந்தப் பக்கம். நான்கு பேர் எதிர்ப்பு. இதனால் கொலைகாரனும் காமுகனும் மீண்டும் தெருவுக்கு வந்துவிடுவான் என்று எதிர்த்தவர்களில் ஒருவரான நீதிபதி ஒயிட் எழுதினார். அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டார் வேறு எப்படி நினைப்பார்கள்?

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1964-ல் நியூயார்க் போலீசார் 19 வயது கறுப்பின வாலிபன் ஒருவனைப் பிடித்து விசாரித்தார்கள். இரண்டு பெண்களை வீடு புகுந்து கொன்றதாக அவன் ஒப்புக்கொண்டான். வாக்குமூலம் மட்டும் 61 பக்கம்! கடைசியில் பார்த்தால், கொலை நடந்த தினத்தில் அவன் அந்த ஊரிலேயே இல்லை. வேறு மாநிலத்தில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மைக் கொலையாளி பிறகு அகப்பட்டான். செய்யாத கொலையை 61 பக்கத்துக்கு ஒப்புக்கொள்ள வைக்கும் அறை எப்படிப்பட்ட அறையாக இருக்கும்! வாரனின் தீர்ப்பு அந்த வாலிபனின் கதையையும் எடுத்துக் காட்டியது.

மிராண்டா தப்பினானா?

இல்லை. 1967-ல் அவன்மீது மறுபடி வழக்கு நடந்தது. இந்தத் தடவை போலீஸ் வாக்குமூலம் கிடையாது. அவனோடு குடும்பம் நடத்திய பெண் கூண்டில் ஏறி, ஜெயிலில் தன்னிடம் அவன் குற்றத்தைச் சொன்னதாகச் சாட்சி சொன்னாள். பழைய தண்டனையே மீண்டும் கிடைத்தது.

1972-ல் பரோலில் வெளியே வந்தான். போலீசார் சட்டைப் பையில் வைத்திருக்கும் எச்சரிக்கைச் சீட்டுகளில் தன் கையெழுத்தைப் போட்டு ஒன்றரை டாலருக்கு விற்றான். 1976 ஜனவரி 31-ந் தேதி பீனிக்ஸ் நகரத்து மதுக்கடை ஒன்றில் சில்லறைக் காசுக்காகச் சண்டை. கத்திக்குத்து. 34 வயதில் முடிந்தான். சந்தேகத்தில் பிடிபட்ட ஆளிடம் போலீசார் அதே மிராண்டா எச்சரிக்கையைப் படித்துக் காட்டினார்கள். கொலைக்காக யாரும் தண்டனை அடையவில்லை.

நம் நாட்டில்

இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இந்தியக் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில், 1872-ல் வந்த சாட்சியச் சட்டமே அப்படிச் சொன்னது. ஆனால் சொன்னதை வைத்துப் போலீசார் கத்தியையோ நகையையோ கண்டெடுத்தால், அந்த அளவுக்கு அது செல்லும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கைதானவர் தமக்கு விருப்பமான வக்கீலைக் கலந்துகொள்வதை மறுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுபோக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் விசாரணை அறைக்குள் வக்கீல் வரலாமா? இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் சாதாரண ஆள் அல்ல. ஒரிசாவின் முதல்-மந்திரியாக இருந்த நந்தினி சத்பதி! 1977-ல் லஞ்ச ஒழிப்புப் போலீசார் அவரைக் கட்டாக் ஸ்டேஷனுக்கு அழைத்து, நீண்ட கேள்விப் பட்டியலைக் கொடுத்தார்கள். பதில் சொல்ல மாட்டேன் என்றார். பதில் சொல்லாதது குற்றம் என்று வழக்குப் போட்டார்கள்.

1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். 1948-ல் தாமே ஜெயிலில் கிடந்தவர் அவர். மிராண்டா தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு பேசினார். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வக்கீல் வேண்டும் என்று கேட்டால் மறுக்கக் கூடாது என்றார். அதற்காக வக்கீல் வரும் வரை போலீசார் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

பிறகு மேற்கு வங்காளத்தில் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் அமைப்பின் தலைவர் டி.கே.பாசு, லாக்-அப் சாவுகளைப் பற்றி 1986-ல் பிரதம நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பர் 18-ந் தேதி தீர்ப்பு வந்தது. கைது செய்யும் போலீசார் பெயர்ச் சீட்டு அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். விசாரணையின்போது கைதி வக்கீலைச் சந்திக்கலாம் என்று அது வரிசையாகச் சொன்னது.

இப்போது இது சட்டத்திலேயே ஏறிவிட்டது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38-வது பிரிவு, கைதானவர் விசாரணையின்போது தம் வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது. ஆனால் விசாரணை முழுவதும் வக்கீல் கூடவே உட்கார்ந்திருக்க முடியாது. மிராண்டா தீர்ப்பு கொடுத்ததில் ஒரு பகுதிதான் இது. சந்திப்புக்கு எத்தனை நிமிடம் என்று அந்தப் பிரிவில் கிடையாது. ஆகவே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நடப்பு மாறுகிறது.

பணம் இல்லாதவர் என்ன செய்வது? காவலில் இருக்கும் எவரும், 1987-ம் ஆண்டு சட்டப்படி, இலவசமாக வக்கீல் பெறலாம். மாவட்டத் தலைநகரில் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆபீஸ் இருக்கிறது. முதல் தடவை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தப்படும்போது, வக்கீல் உரிமையைக் கைதிக்கு எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 2012-ல் மும்பைத் தாக்குதல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கைதானவரின் வீட்டார் 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் உதவி கேட்கலாம். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை.